வலிக்குச் சாட்சி யார்? மூட்டுவலியும் அமெரிக்காவின் இயலாமை உதவித்தொகையும்

கை உடைந்தால் மாவுக்கட்டு தெரியும். பார்வை போனால் கையில் இருக்கும் கோல் தெரியும். மூட்டுவலி மட்டும் வெளியே தெரியாது. "ஆளைப் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறார், வேலைக்குப் போனால் என்னவாம்?" என்று அக்கம்பக்கத்தார் கேட்கும் நோய்களில் இதற்குத்தான் முதலிடம். அக்கம்பக்கத்தார் கேட்பதோடு போனால் பரவாயில்லை. அரசாங்கமே அந்தக் கேள்வியைக் கேட்டால்? வலிக்கு ஆதாரம் கொடு என்று சொன்னால் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது?

அமெரிக்கா இந்தக் கேள்வியோடு எழுபது ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறது. உழைக்கும்போதே சம்பளத்திலிருந்து வரி பிடித்து, உடல்நலம் கெட்டு வேலை செய்ய முடியாமல் போனால் மாதாமாதம் பணம் தரும் திட்டம் அங்கே உண்டு. அதைப் பெறுகிற தொழிலாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் எலும்பு, மூட்டு, தசை நோய்க்காரர்கள். மற்ற எந்த நோய்ப் பிரிவையும்விட இதுவே அதிகம். எனவே இந்தத் திட்டத்தின் வரலாற்றைச் சொல்வதும், ஒரு மனிதனின் வலியை அரசு எப்போது நம்பியது, எப்போது நம்ப மறுத்தது என்று சொல்வதும் ஏறத்தாழ ஒன்றுதான்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம்

மூட்டுவலி என்பது ஒரே நோய் அல்ல. அந்தப் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட நோய்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று மூட்டுத் தேய்மானம். வயது, உடல் எடை, பழைய காயம், கடின உழைப்பு போன்ற காரணங்களால் முழங்கால், இடுப்பு, முதுகெலும்பு, கைவிரல் மூட்டுகளில் உள்ள குருத்தெலும்பு தேய்ந்துபோவது. மற்றொன்று முடக்குவாதம். உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டுகளைத் தாக்குவது. இது இளவயதிலும் வரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும்.

இவற்றில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, எக்ஸ்ரே படமும் வலியும் ஒத்துப்போவதில்லை. படத்தில் மூட்டு மோசமாகத் தேய்ந்திருக்கும், ஆனால் அவர் சாதாரணமாக நடமாடுவார். இன்னொருவருக்குப் படத்தில் சிறிய மாற்றம்தான் தெரியும், ஆனால் படியேற முடியாது. முடக்குவாதத்தின் ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். சிலருக்கு இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாது. இரண்டு, இந்த நோய் ஏறி இறங்கும். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் விரல்களை மடக்க முடியாதவர் மதியம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். இந்த வாரம் நடப்பவர் அடுத்த வாரம் படுக்கையில் கிடப்பார்.

நாள், நேரம், அளவு என்று எல்லாவற்றையும் கட்டம் போட்டு நிரப்பச் சொல்லும் அரசு அலுவலகத்துக்கு இதைவிடத் தொல்லையான நோய் கிடையாது!

இயலாமைக்கு இடமில்லாத சட்டம்

1935 ஆகஸ்ட் 14 அன்று அதிபர் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதியோருக்கு ஓய்வூதியம், வேலையற்றோருக்கு உதவி எல்லாம் அதில் இருந்தன. ஆனால் நடு வயதில் உடல் முடங்கிய தொழிலாளிக்கான காப்பீடு மட்டும் இல்லை. ரூஸ்வெல்ட்டே போலியோவால் கால் முடங்கியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஏன் விட்டுவிட்டார்கள்? பயம்தான் காரணம். 1920களில் தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் இயலாமைக்கும் பணம் தருவதாகச் சொல்லிப் பாலிசிகளை விற்றிருந்தன. 1929க்குப் பிறகு பொருளாதாரம் சரிந்து வேலைகள் போனபோது இயலாமைக் கோரிக்கைகள் குவிந்தன. நிறுவனங்கள் பெரும் நஷ்டம் அடைந்தன. வேலை கிடைக்காதவரையும் வேலை செய்ய இயலாதவரையும் பிரித்தறிவது எப்படி என்ற கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. 1938இல் கூடிய ஆலோசனைக் குழு, இப்படி ஒரு திட்டம் தேவைதான் என்று ஒப்புக்கொண்டது. எப்போது தொடங்குவது என்பதில்தான் கருத்து வேறுபட்டது. அந்த "எப்போது" வருவதற்கு மேலும் 18 ஆண்டுகள் ஆயின.

இரண்டே ஓட்டு வித்தியாசம்

1954இல் சிறிய கதவு ஒன்று திறந்தது. இயலாமைக் காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் "உறைய வைக்கும்" சட்டம் வந்தது. அதாவது, ஒருவர் நோயால் வேலை செய்யாமல் இருந்த ஆண்டுகளால் அவருடைய பிற்கால ஓய்வூதியம் குறையாது. கையில் பணம் கிடையாது. ஆனால் யார் இயலாதவர் என்று தீர்மானிக்கும் அலுவலகங்கள் மாநிலங்கள்தோறும் அப்போதுதான் உருவாயின.

அடுத்து 1956இல் பணமே தரலாம் என்ற மசோதா வந்தது. அமெரிக்க மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. மருத்துவத்துக்குள் அரசு நுழையும் வழி இது என்று சங்கம் அஞ்சியது. ஐசனோவர் அரசும் ஆதரிக்கவில்லை. ஆனால் ஓய்வுபெறவிருந்த ஜார்ஜியா மாநில மூத்த செனட்டர் வால்டர் ஜார்ஜ் இதைக் கையில் எடுத்தார். செனட்டில் 47க்கு 45 என்ற கணக்கில் திட்டம் பிழைத்தது. 1956 ஆகஸ்ட் 1 அன்று ஐசனோவர் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டத்தில் இருந்த கட்டுப்பாடுகளைப் பார்த்தாலே எவ்வளவு தயக்கத்தோடு கொடுத்தார்கள் என்பது புரியும். 50 வயதுக்குக் குறைந்தவருக்கு ஒன்றும் கிடையாது. முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மனைவி, பிள்ளைகளுக்கென்று எதுவும் கிடையாது (அது 1958இல் வந்தது). வயது வரம்பு 1960இல்தான் நீங்கியது. முப்பது வயதில் முடக்குவாதம் வந்த பெண்ணுக்கு அதுவரை இந்தத் திட்டத்தில் இடமே இல்லை.

ஒரு சொல்லின் பாரம்

1954, 1956 சட்டங்களில் ஒரு சொற்றொடர் இருந்தது. இயலாமைக்குக் காரணமான குறை "மருத்துவ முறையில் தீர்மானிக்கத் தக்கதாக" இருக்க வேண்டும் என்பது அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னாளில் நடந்த சண்டைகள் எல்லாம் இந்த ஒரு சொற்றொடரைச் சுற்றித்தான்.

1960இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் விண்ணப்பதாரர்கள் பக்கம் சாய்ந்தது. நீதிபதி ஹென்றி ஃபிரெண்ட்லி இரண்டு கேள்விகளை எழுப்பினார். இந்த மனிதரால் என்ன செய்ய முடியும்? அதை மட்டும் செய்யக்கூடிய ஒருவருக்கு வேலை வாய்ப்பு எங்கே இருக்கிறது? ஏட்டளவில் ஏதோ ஒரு வேலை இருக்கிறது என்று சொன்னால் போதாது என்பது இதன் பொருள். மற்ற நீதிமன்றங்களும் இந்த வழியில் சென்றன.

காங்கிரசுக்கு இது பிடிக்கவில்லை. 1965இல் விதி ஒன்று இளகியது. நோய் முடிவில்லாமல் நீள வேண்டும் என்பதற்குப் பதிலாக, 12 மாதங்கள் நீடித்தால் போதும் என்றானது. ஆனால் 1967இல் விதி இறுகியது. வேலை என்றால் நாட்டில் கணிசமான அளவில் எங்காவது இருந்தால் போதும். அது விண்ணப்பித்தவரின் ஊரில் இருக்கிறதா, அங்கே காலி இடம் உண்டா, கேட்டால் அவரைச் சேர்த்துக்கொள்வார்களா என்பதெல்லாம் கணக்கில் வராது. அதோடு, குறை என்பது மருத்துவப் பரிசோதனைகளாலும் ஆய்வக முறைகளாலும் மெய்ப்பித்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள்.

மெய்ப்பித்துக் காட்டு! மூட்டுவலிக்காரர்களுக்கு இங்கேதான் சிக்கல் முற்றியது. மூட்டு வீக்கத்தைக் காட்டலாம், எக்ஸ்ரேயைக் காட்டலாம். வலியை எந்தக் கருவியில் வைத்துக் காட்டுவது?

ஜார்ஜ் எல்ட்ரிட்ஜ் வழக்கு

சட்டம் படிக்கும் ஒவ்வோர் அமெரிக்க மாணவரும் அறிந்த பெயர் எல்ட்ரிட்ஜ். வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த இவருக்கு 1968 ஜூனில் உதவித்தொகை கிடைத்தது. மனப்பதற்றமும் முதுகுப் பிடிப்பும் காரணமாகக் குறிக்கப்பட்டன. பின்னர் சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டது.

1972 மார்ச்சில் அவருக்கு ஒரு கேள்வித்தாள் வந்தது. உடல்நிலை தேறவில்லை என்று பதில் எழுதினார். அதிகாரிகள் மருத்துவர்களிடமும் அறிக்கை கேட்டு வாங்கினார்கள். முடிவு என்ன தெரியுமா? சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முதுகு அசைவில் பெரிய தடை இல்லை, மனநிலையும் வேலையைத் தடுக்கும் அளவில் இல்லை, ஆகவே உதவி நிறுத்தப்படும் என்றார்கள். தனக்கு இருப்பது வெறும் முதுகுப் பிடிப்பு அல்ல, முதுகெலும்பு மூட்டுவாதம் என்று எல்ட்ரிட்ஜ் கடிதம் எழுதினார். தன் நிலையை முடிவு செய்யப் போதுமான சான்றுகள் அலுவலகத்திடம் ஏற்கனவே இருக்கின்றன என்றும் குறிப்பிட்டார். ஆனாலும் அந்த ஜூலையோடு பணம் நின்றது.

அவர் நீதிமன்றத்தில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பணத்தை நிறுத்தும் முன் என்னை நேரில் வைத்து விசாரியுங்கள். 1970இல் வேறொரு வழக்கில், ஏழைகளுக்கான நல உதவியை நிறுத்தும் முன் நேரடி விசாரணை கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதே நியாயம் தனக்கும் வேண்டும் என்றார். கீழ் நீதிமன்றங்கள் இரண்டிலும் வென்றார்.

1976 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 2 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீதிபதி லூயிஸ் பவல் எழுதிய தீர்ப்பின் சாரம் இது. இயலாமை உதவி வறுமையைப் பார்த்துத் தருவதல்ல. எனவே அதை இழப்பவரின் பாதிப்பு நல உதவியை இழக்கும் ஏழையின் பாதிப்பைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். மேலும் இயலாமை என்பது சிறப்பு மருத்துவர்களின் வழக்கமான, ஒரே சீரான அறிக்கைகளை வைத்து முடிவு செய்யும் விஷயம். காகிதத்தில் எளிதாகப் பதிவு செய்துவிடலாம். பெறுபவரை நேரில் பார்த்து அவர் சொல்லை எடைபோட வேண்டிய தேவை அதிகம் இல்லை.

உடைந்த எலும்புக்கு இந்த வாதம் பொருந்தும். தனக்கு இருப்பது மூட்டுவாதம் என்று சொல்லும் மனிதருக்கு எப்படிப் பொருந்தும்? அந்த நோயில் பெரும்பகுதி அவர் வாயால் சொல்லித்தானே மருத்துவருக்கே தெரியும்!

தீர்ப்பில் இரண்டு எண்கள் வருகின்றன. மறுபரிசீலனையிலும் நிராகரிக்கப்பட்டு, பிறகு விசாரணை வரை சென்றவற்றில் மாற்றப்பட்ட முடிவுகள் 58.6 சதவீதம். மொத்த முடிவுகளோடு ஒப்பிட்டால் 3.3 சதவீதம்தான். எந்த எண்ணைப் பிடித்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்துத் திட்டம் நேர்மையானதாகவோ தவறு மலிந்ததாகவோ தெரியும். பணம் நிற்பதற்கும் விசாரணை முடிந்து இறுதி முடிவு வருவதற்கும் இடையே ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிறது என்பதையும் நீதிமன்றம் அறிந்தே இருந்தது.

அந்த ஓர் ஆண்டு எப்படி இருக்கும்? நீதிபதி வில்லியம் பிரென்னன், நீதிபதி தர்குட் மார்ஷலுடன் சேர்ந்து எழுதிய மாறுபட்ட தீர்ப்பு சில வரிகள்தான். அதில் அவர் ஒரு செய்தியைக் குறிப்பிட்டார். உதவி நின்றதால் எல்ட்ரிட்ஜின் வீடு கடனில் போனது. தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குடும்பம் முழுவதும் ஒரே கட்டிலில் படுத்துறங்கியது.

1981: பெயர் நீக்கும் படலம்

1970இல் சுமார் 15 லட்சம் தொழிலாளர்கள் இந்த உதவியைப் பெற்றார்கள். 1978இல் அது 28 லட்சத்தைத் தாண்டியது. செலவு கையை மீறுகிறது என்ற கவலை எழுந்தது. பெறுபவர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்யும்படி 1980இல் கார்ட்டர் காலத்தில் சட்டம் வந்தது. 1982இல் தொடங்க வேண்டிய அந்த வேலையை ரீகன் அரசு 1981 மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது.

அடுத்த மூன்று ஆண்டுகளில் சுமார் 12 லட்சம் பேர் மறு ஆய்வுக்கு உள்ளானார்கள். ஏறத்தாழ 4,90,000 பேருக்கு "உங்கள் உதவி நிறுத்தப்படுகிறது" என்ற கடிதம் போனது. அவர்களில் சுமார் 2,00,000 பேர் மேல்முறையீட்டில் வென்று மீண்டும் பெற்றார்கள். மனநலம் பாதிக்கப்பட்டவர்கள்தான் விகிதத்தில் மிக அதிகமாக அடிபட்டார்கள். முதுகுவலி, மூட்டுவலிக்காரர்களும் தப்பவில்லை.

இதில் பெரிய அநியாயம் எது என்றால், நோய் குணமாகிவிட்டது என்று காட்ட வேண்டிய பொறுப்பு அரசுக்கு அப்போது இல்லை. முன்பு ஓர் அதிகாரி "இவரால் முடியாது" என்றார். இப்போது இன்னோர் அதிகாரி "இவரால் முடியும்" என்றார். அதே மூட்டு, அதே வலி, அதே எக்ஸ்ரே. முடிவு மட்டும் வேறு!

எதிர்ப்பு எல்லாத் திசைகளிலிருந்தும் கிளம்பியது. மாசசூசெட்ஸ், நியூயார்க் உள்ளிட்ட பல மாநிலங்கள் கடிதம் அனுப்புவதை நிறுத்தின. கூட்டரசு நீதிமன்றங்களில் வழக்குகள் மலைபோல் குவிந்தன. 1983 ஜனவரியில் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. நோய் தீர்ந்துவிட்டது என்று சொல்லி உதவியை நிறுத்தினால், நிர்வாக நீதிபதியின் விசாரணை முடியும்வரை பணத்தைத் தொடர்ந்து பெற்றுக்கொள்ளலாம். தோற்றால் திருப்பித் தர வேண்டியிருக்கும். தற்காலிகமாக வந்த இந்த ஏற்பாடு 1990இல் நிரந்தரம் ஆனது.

எல்ட்ரிட்ஜ் 1976இல் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தானே? நீதிமன்றம் மறுத்ததை ஏழே ஆண்டுகளில் நாடாளுமன்றம் கொடுத்தது. இடையில் எத்தனை வீடுகள் கடனில் போயின என்பதற்குத்தான் கணக்கு இல்லை.

வலி சட்டத்துக்குள் நுழைகிறது

1984 அக்டோபர் 9 அன்று இயலாமை உதவிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. பிரதிநிதிகள் சபையில் 402க்கு 0, செனட்டில் 99க்கு 0. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. உடல்நிலை மருத்துவ ரீதியாக முன்னேறியிருக்கிறது என்று காட்டாமல் இனி உதவியை நிறுத்தக் கூடாது என்பது (சில விதிவிலக்குகளோடு) அதன் முக்கிய அம்சம்.

இன்னொரு அம்சம் வலியைப் பற்றியது. ஒருவர் தன் வலியைப் பற்றிச் சொல்வது மட்டுமே இயலாமைக்கு முடிவான சான்று ஆகாது. அந்த வலியை உண்டாக்கக்கூடிய ஒரு குறை உடலிலோ மனத்திலோ இருப்பது மருத்துவ முறையில் தெரிய வேண்டும். அப்படி ஒன்று இருந்தால், அவர் சொல்வதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். வலி பற்றிய அளவுகோல் ஒன்று சட்டத்திலேயே இடம்பெற்றது இதுவே முதல் முறை.

அதே ஆண்டு ஜூலையில் பொலாஸ்கி வழக்கில் ஓர் உடன்பாடு எட்டப்பட்டிருந்தது. மினசோட்டா, மிசூரி, அயோவா உள்ளிட்ட ஏழு மாநிலங்களின் விண்ணப்பதாரர்களுக்கான கூட்டு வழக்கு அது. எக்ஸ்ரே முழுமையாக ஆதரிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வலியைத் தள்ளிவிடக் கூடாது என்று அரசு ஒப்புக்கொண்டது. கேட்க வேண்டிய கேள்விகளும் வரையறுக்கப்பட்டன. ஒரு நாள் முழுவதும் அவர் என்ன செய்கிறார்? வலி எவ்வளவு நேரம், எத்தனை முறை, எவ்வளவு கடுமையாக வருகிறது? எதனால் கூடுகிறது? என்ன மருந்து, அது கேட்கிறதா, பக்க விளைவு என்ன? எதையெல்லாம் செய்ய முடியவில்லை?

நல்ல மருத்துவர் ஒருவர் முடக்குவாத நோயாளியிடம் கேட்கும் கேள்விகளும் இவைதான். சட்டம் அங்கே வந்து சேர 28 ஆண்டுகள் பிடித்தன.

1984 சட்டத்தின்படி, வலியை மதிப்பிடுவது பற்றி ஆராய ஓர் ஆணையம் அமைந்தது. நரம்பியல் மருத்துவர் கேத்லீன் ஃபோலி அதன் தலைவர். வலி இருப்பதாக நடிப்பது பரவலான பிரச்சினை அல்ல என்பது ஆணையம் கண்ட முடிவுகளில் ஒன்று. அரசு அதுவரை காவல் காத்துக்கொண்டிருந்தது எந்தத் திருடனுக்காகவோ, அந்தத் திருடன் அவ்வளவு பேர் இல்லை என்பது இதன் பொருள்!

"நம்பகத்தன்மை" என்ற சொல் போன கதை

1991இல் விரிவான விதிகள் வந்தன. முதலில் வலியைத் தரக்கூடிய நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், அந்த வலி வேலைத் திறனை எவ்வளவு குறைக்கிறது என்று எல்லாச் சான்றுகளையும் வைத்து அளவிட வேண்டும். 1996இல் வந்த விளக்க ஆணை இந்த இரண்டாம் படிக்கு ஒரு பெயர் வைத்தது: விண்ணப்பதாரரின் "நம்பகத்தன்மை".

பெயர் வைத்ததோடு வினையும் வந்தது. பல விசாரணைகளில் மூட்டு பின்னுக்குப் போய் மனிதரின் குணம் முன்னுக்கு வந்தது. எப்போதோ வேறு ஒன்றைப் பற்றி மாற்றிச் சொல்லியிருந்தால், இவர் வலியும் பொய் என்று முடிவு கட்ட இடமிருந்தது. 2016 மார்ச்சில் அந்த ஆணை விலக்கப்பட்டது. புதிய ஆணை "நம்பகத்தன்மை" என்ற சொல்லின் பயன்பாட்டையே கைவிட்டது. அறிகுறிகளை மதிப்பிடுவது ஒருவரின் நடத்தையை விசாரிப்பது ஆகாது என்று அது தெளிவாகச் சொன்னது.

அன்றாட வேலைகள் பற்றிய கேள்வியும் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. விண்ணப்பத்தோடு தரும் படிவத்தில் சமைப்பீர்களா, துணி துவைப்பீர்களா, கடைக்குப் போவீர்களா என்று கேட்கிறார்கள். "சமைப்பேன்" என்று ஒரு சொல்லில் எழுதினால், சமைக்க முடிந்தவரால் வேலையும் செய்ய முடியும் என்று ஆகிவிடலாம். பாதியில் உட்கார்ந்து, பாத்திரத்தை மகள் தூக்கி இறக்கி, ஒரு மணி நேர வேலையை மூன்று மணி நேரத்தில் முடித்த கதை அந்த ஒரு சொல்லில் இல்லை. 2012இல் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் இந்தத் தவறைக் கடுமையாகச் சாடினார். வீட்டில் நேரத்தை நம் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம், பிறர் உதவி கிடைக்கும், வேலை சுமாராக இருந்தாலும் யாரும் சீட்டைக் கிழிக்க மாட்டார்கள், முதலாளியிடம் இதெல்லாம் நடக்குமா என்பது அவர் வாதத்தின் சாரம்.

இல்லாத வேலைகளின் புத்தகம்

வலியை ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. "வேறு வேலை செய்யலாமே?" இதற்கு 1979 முதல் ஓர் அட்டவணை நடைமுறையில் உள்ளது. வயது, படிப்பு, தொழில் அனுபவம், தூக்கக்கூடிய எடை ஆகியவற்றை அதில் பொருத்திப் பார்ப்பார்கள். 50 வயதைத் தாண்டினால் விதி சற்று இளகும், 55இல் மேலும் இளகும். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அதிகபட்சம் 10 பவுண்டு, அதாவது சுமார் நான்கரை கிலோ தூக்கினால் போதும். முழங்கால் போனவர் உட்கார்ந்து வேலை செய்யலாம் என்று சொல்வது சுலபம். ஆனால் தேர்ச்சி வேண்டாத அந்த மாதிரி வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு கைகளும் விரல்களும் நன்றாக வேலை செய்ய வேண்டும். முடக்குவாதம் முதலில் பிடிப்பது பெரும்பாலும் விரல்களைத்தான்.

எந்த வேலைகள் இருக்கின்றன என்று காட்ட அரசு நம்பியிருந்தது தொழில் பெயர்களின் அகராதி ஒன்றை. கடைசியாக அது திருத்தப்பட்டது 1991இல். கொட்டைகளைத் தரம் பிரிப்பவர், மர ஆணிகளைச் சோதிப்பவர் என்றெல்லாம் அதில் தொழில்கள் உண்டு. கணினியும் இணையமும் உலகையே புரட்டிப்போட்ட பிறகும், அந்தப் பழைய பட்டியலைக் காட்டி விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. 2024 ஜூனில்தான் 114 வழக்கொழிந்த தொழில்களை இனி காரணமாகக் காட்டுவதில்லை என்று சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் அறிவித்தது.

ஏமாற்றுபவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். மிகப் பெரிய மோசடி கென்டக்கி மாநிலத்தில் வெளிவந்தது. எரிக் கான் என்ற வழக்கறிஞர் ஒரு நிர்வாக நீதிபதிக்கு லஞ்சம் கொடுத்தும், மருத்துவர்களிடம் பொய் அறிக்கை வாங்கியும் ஆயிரக்கணக்கான கோரிக்கைகளை வெற்றி பெறச் செய்தார். 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், தப்பி ஓடினார், அந்த ஆண்டின் இறுதியில் ஹோண்டுராசில் பிடிபட்டார்.

இந்த வழக்கைக் காட்டி "பார்த்தீர்களா, வலி என்று சொல்பவர்களை நம்பக் கூடாது" என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அங்கே பொய்யாகப் புனையப்பட்டது எது? மருத்துவர் கையெழுத்திட்ட அறிக்கை. எளிதாகப் பதிவு செய்யலாம், ஒரே சீராக இருக்கும் என்று 1976இல் உச்ச நீதிமன்றம் நம்பிய அதே காகிதம்! வழக்கறிஞர் மாட்டிக்கொண்ட பிறகு தண்டனையின் ஒரு பகுதி அவருடைய கட்சிக்காரர்கள் தலையில் விழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் இயலாமையை முதலிலிருந்து மறுபடி நிரூபிக்க வேண்டியதாயிற்று. உண்மையாகவே நோயில் கிடந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

இன்று

இன்று அமெரிக்காவில் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கு ஏதோ ஒரு வகை மூட்டு நோய் இருக்கிறது. அவர்களில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். முடியாமல் போய் விண்ணப்பிப்பவர்களில் பெரும்பான்மையினர் முதல் கட்டத்தில் நிராகரிக்கப்படுகிறார்கள். 2024இல் அந்த முதல் பதில் வருவதற்கே சராசரியாக ஏழு மாதங்களுக்கு மேல் ஆனது. அதன் பிறகு மறுபரிசீலனை, நிர்வாக நீதிபதி, மேல்முறையீட்டு மன்றம், கூட்டரசு நீதிமன்றம் என்று படிகள். வென்றாலும் இயலாமை தொடங்கியதிலிருந்து முதல் ஐந்து மாதங்களுக்குப் பணம் கிடையாது. அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்க, பணம் பெறும் தகுதி வந்த பிறகு பொதுவாக இன்னும் 24 மாதங்கள் காத்திருக்க வேண்டும். 1983இல் கிடைத்த பாதுகாப்பு ஏற்கனவே உதவி பெறுபவர்களுக்குத்தான். புதிதாகக் கேட்பவருக்கு முடிவு வரும்வரை கையில் ஒரு டாலர்கூடக் கிடைக்காது.

எழுபது ஆண்டுகளில் சட்டம் மாறித்தான் இருக்கிறது. வயது வரம்பு போனது. நோய் தேறியதாகக் காட்டாமல் பணத்தை நிறுத்தும் வழக்கம் போனது. வலி சொல்பவரின் குணத்தை விசாரிப்பது தவறு என்று எழுத்திலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு மாற்றமும் தானாக வரவில்லை. கடிதம் எழுதியவர்கள், வழக்குப் போட்டவர்கள், தோற்றவர்கள் என்று பலர் அதற்குப் பின்னால் இருக்கிறார்கள். பொய்யருக்குப் பணம் போய்விடுமோ என்ற பயத்தில்தான் அந்த நாடு இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. மெய்யருக்குப் பணம் போகாமல் நின்றால் என்ன ஆகும் என்று அதே அளவு பயந்திருந்தால், எல்ட்ரிட்ஜின் குடும்பம் ஒரே கட்டிலில் நெருக்கிப் படுத்திருக்க வேண்டியதில்லை.